உத்தேசம்

பல்லராட்டில் ஜூலை.
கையுறையைக் கழற்றாமலே கடிதத்தைப் பிரித்தேன்.
நாலு பில், ஒரே உறைக்குள்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு டொலர்
எண்பது சதம்.
ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பொடியாய் ஓர் எழுத்து,
அவர்கள் மொழியில் உத்தேசத்துக்கு முதலெழுத்து.
கணக்கெழுதமுன் நாங்கள் பிள்ளையார்சுழி போடுவதுபோல்
பக்தியோடு போட்டிருந்தார்கள்.

முப்பத்தெட்டு நிமிடம் பியானோ.
பிறகு மெரெடித் என்று ஒருத்தி.
பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொன்னாள்.
பகீரதன் என்றேன். பகி என்று எடுத்துக்கொண்டாள்.
அந்தப் பகீரதன் கங்கைக்காக
ஒற்றைக் காலில் நின்றானாம்.
நானும் அப்படித்தான் நின்றேன்:
மற்றக் காலுறை இன்னும் காயவில்லை.

பதினாலு மாதமாய் மீற்றர் பார்க்க வருபவர்
உள்ளே வரவேயில்லையாம்.
காரணம், நாய்.
என்னிடம் நாய் இல்லை என்றேன்.
"நாய் என்றுதான் பதிவாகியிருக்கிறது, பகி."

படலையில் அந்தப் பலகை.
பல் காட்டும் ஒரு தலை, கீழே "கவனம்".
முன்னிருந்த ஹெனசி குடும்பம் மாட்டியது.
ஆறு பேர். போகும்போது நாயைக் கொண்டுபோனார்கள்,
பலகையை மறந்தார்கள்.
நானும் கழற்றவில்லை.
இரவு வேலைக்காரன், தனிய இருக்கிறவன்,
இல்லாத நாயாவது வீட்டைக் காக்கட்டும் என்று
விட்டுவைத்தேன்.
காத்திருக்கிறது.

அவர்களுடைய போன வருசத்தை எடுத்து
என்னுடைய இந்த வருசத்தை நிரப்பியிருக்கிறது கொம்பனி.
ஆக, அந்த எண்களுக்குள் இந்த வீட்டில்
காலையில் ஆறு பேர் சுடுதண்ணீரில் குளிக்கிறார்கள்.
ஆவி படிந்த கண்ணாடியில் ஒரு பிள்ளை
விரலால் மீன் வரைகிறது.
அடுப்பில் எந்நேரமும் ஏதோ கொதிக்கிறது.
ஹீற்றருக்கு முன்னால் நாய் மல்லாந்து கிடக்கிறது.

நான் கிழங்கு ஆலையிலிருந்து விடியத் திரும்பி
ஜம்பரோடு இரண்டு கம்பளிக்குள் புகுகிறவன்.
ஞாயிறு வடித்த சோறு புதன்வரை.

துஷ்யந்தியின் விசாவுக்கும் எழுதியிருந்தார்கள்
உத்தேசமாய்ப் பதினெட்டு மாதம் என்று.
இது இருபத்தேழாவது.
அங்கே உத்தேசம் குறைவாய்ச் சொல்லும்,
இங்கே கூடவாய்ச் சொல்லும்.
பாக்கி மட்டும் இரண்டிலும் என் பெயரில்.

"வீட்டில் எத்தனை பேர்?"
எந்தப் படிவம் கேட்டாலும்
இரண்டு என்றே எழுதி வந்தவன்.
ஒன்று என்றேன்.
மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.
ஒரே ஒரு தட்டு.

படம் வேண்டுமாம்.
கைபேசி வெளிச்சத்தோடு வீட்டின் பக்கவாட்டுக்குப் போய்
சிலந்திவலையை விலக்கி, கண்ணாடியைச் சட்டைநுனியால் துடைத்தேன்.
பூச்சியம் ஐந்து பூச்சியம் மூன்று எட்டு.
அவர்கள் போட்டிருந்தது ஆறாயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு.
நடுவில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு கனமீற்றர்,
யாருமே எரிக்காத நெருப்பு.

மூன்று கிழமைக்குப் பிறகு திருத்திய பில் வந்தது.
நூற்று முப்பத்தொரு டொலர். நாலுக்கும் சேர்த்து.
வென்ற புளுகத்தில் துஷ்யந்திக்கு அடித்தேன்.
நாய்க் கதைக்குச் சிரித்தாள்,
மெரெடித் கதைக்கும் சிரித்தாள்,
தொகையைச் சொன்னதும் நிறுத்திவிட்டாள்.
"அப்ப வீடு நல்ல சூடு எண்டு சொன்னது?"

தொடர்பு விட்டுவிட்டு வருகிறது என்றேன்.

பலகையைக் கழற்றப் போனேன்.
மூன்று திருகாணி வந்தது. நாலாவது துரு.
நாய் இப்போது தலைகீழாய்த் தொங்குகிறது,
பல் அப்படியே.

உள்ளே வந்து ஹீற்றரைப் போட்டேன்.
முதலில் தூசி கருகிய மணம்.
கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
மீற்றர் ஓடுகிறதா என்று பார்க்க
வெளியே குளிருக்குள் போனேன்.